கண்ணாடி மணி மன்றம் நடத்துவது எப்படி: பொது டார்ச், பொதுக் குச்சி, பொதுச் சூளை

தனியாக வீட்டில் கண்ணாடி மணி செய்பவர் தவறு செய்தால் அவருடைய மணி மட்டும்தான் உடையும். மன்றத்தில் அப்படி இல்லை. ஒருவர் அடையாளம் ஒட்டாமல் வைத்துவிட்டுப் போன அரைக் கண்ணாடிக் குச்சி, மூன்று வாரம் கழித்து இன்னொருவர் மணியில் விரிசலாக வந்து நிற்கும். சூளைக் கதவை ஒருவர் வெகுநேரம் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் அத்தனை பேரின் மணிக்கும் அடி விழும். ஆகவே மன்றம் நடத்துவதில் பாதிக்கு மேல், பொதுவாகப் புழங்கும் ஐந்து பொருள்களை ஒழுங்காக வைத்திருக்கும் வேலைதான்: காற்று, எரிவாயு, கண்ணாடி, மாண்ட்ரல் என்னும் எஃகுக் கம்பி, சூளை. தலைவர், செயலாளர் தேர்தலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பேசுவது, களிம்பு பூசிய எஃகுக் கம்பியின் மேல், டார்ச்சின் (எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரியும் சுடர்க் கருவி) சுடரில் உருக்கிய கண்ணாடியைச் சுற்றிச் செய்யும் மணியைப் பற்றி. ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கின் சுடருக்குள் துருத்தியால் காற்றடித்து இந்த வேலையைச் செய்தார்கள். லாம்ப்வொர்க் என்ற பெயர் அதனால்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எத்தனை டார்ச்?

நான்கு டார்ச் இருந்தால், வாரத்துக்கு மூன்று மணி நேர அமர்வு நான்கு வைத்து 16 இருக்கைகள் கிடைக்கும். 16 உறுப்பினருக்கு ஆளுக்கு வாரம் ஒரு முறை. இதற்கு மேல் ஆள் சேர்த்தால் முன்பதிவுப் பட்டியலில் சண்டை வரும்.

ஆனால் டார்ச் எண்ணிக்கையை உண்மையில் முடிவு செய்வது சூளையின் கொள்ளளவு. கை பழகியவர் மூன்று மணி நேரத்தில் 12 முதல் 15 சிறு மணிகள் செய்வார். நான்கு பேர் என்றால் ஐம்பது, அறுபது மாண்ட்ரல்கள். சிறிய மணிச் சூளையில் அவ்வளவையும் ஒன்றையொன்று தொடாமல் அடுக்க முடியாது. அதனால் இரண்டு டார்ச்சோடு தொடங்குங்கள். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் சூளை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்தையும் முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள். சிறு சூளை ஒன்று 1.5 முதல் 1.8 கிலோவாட் எடுக்கும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒவ்வொன்றும் சுமார் 350 வாட். காற்று வெளியேற்றும் விசிறி தனி. சூளைக்குத் தனி இணைப்பும் கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் பிரேக்கரும் வேண்டும். வாடகை இடம் என்றால், திறந்த சுடரும் எரிவாயுவும் பயன்படுத்தப் போவதை உரிமையாளருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லுங்கள். 'கைவினை வகுப்பு' என்று மழுப்பி வாங்கிய காப்பீடு விபத்து நாளில் கை கொடுக்காது.

காற்று

ஜன்னலைத் திறந்து வைத்து மேசை விசிறி போட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, தவறு. அது புகையை அறைக்குள்ளேயே சுழலவிடும், சுடரையும் ஆட்டும். ஆக்சிஜன் கலந்த சுடர் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. நிறக் கண்ணாடியிலிருந்தும் வெள்ளித் தாளிலிருந்தும் உலோகப் புகை வரும். அதை மூக்குக்கு எட்டும் முன்பே இழுத்து வெளியே தள்ள வேண்டும்.

டார்ச்சுக்கு மேலும் பின்னாலும் இரு பக்கமும் மூடிய கூண்டு அமையுங்கள். முன்பக்கத் திறப்பில் காற்று நொடிக்குக் குறைந்தது 0.5 மீட்டர் வேகத்தில் உள்ளே போக வேண்டும். ஓர் இருக்கைக்கு 90 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்றால் திறப்பு 0.54 சதுர மீட்டர். அதை 0.5 ஆல் பெருக்கினால் நொடிக்கு 0.27 கன மீட்டர், மணிக்குச் சுமார் 970 கன மீட்டர். குழாயின் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் இழுவிசையைத் தின்னும் என்பதால், பெட்டியில் அச்சிட்ட திறன் இதைப்போல் ஒன்றரை மடங்கு உள்ள விசிறியாக வாங்குங்கள். வெளியே போகும் காற்றுக்கு ஈடாகப் புதுக் காற்று உள்ளே வர, உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால் வழி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய விசிறியும் மூச்சுத் திணறும்.

சோதனை எளிது. கூண்டின் வாயில் மெல்லிய காகிதக் கீற்று ஒன்றைத் தொங்கவிடுங்கள். எல்லா விசிறியும் ஓடும்போது அது உள்பக்கம் சாய்ந்தே நிற்க வேண்டும். நேராகத் தொங்கினால் அன்றைய அமர்வு இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரத்தை உட்கார்ந்தவரின் தலை உயரத்தில் மாட்டுங்கள்.

எரிவாயு

புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும், பள்ளத்தைத் தேடி ஓடும். ஆகவே தரைக்குக் கீழுள்ள அறையில் மன்றம் வேண்டாம். சிலிண்டர் கட்டடத்துக்கு வெளியே, நிமிர்ந்து, சங்கிலியால் கட்டி இருக்கட்டும். குழாயைச் சுவர் வழியாக உள்ளே கொண்டுவந்து, கை எட்டும் இடத்தில் அடைப்பு வால்வு வையுங்கள். கசிவு அலாரம் தரையை ஒட்டி இருக்க வேண்டும். எத்தனை சிலிண்டர் வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்பதை உங்கள் தீயணைப்புத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் குழாய் 'டி' (T) தரமாக இருக்க வேண்டும். 'ஆர்' (R) தரம் அசிட்டிலினுக்கு மட்டுமே. புரொப்பேன் அதை உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. எரிவாயு இணைப்புகளுக்கு இடதுமறை, நட்டில் வெட்டுக்கோடு இருக்கும். ஆக்சிஜனுக்கு வலதுமறை. ஒன்று மற்றொன்றில் ஏறாது, ஏற்ற முயலவும் வேண்டாம். சிலிண்டர் ஆக்சிஜன் பயன்படுத்தினால் அதன் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது; உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். சுடர் குழாய்க்குள் திரும்பி ஓடாமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டரை இரண்டு பக்கமும் போடுங்கள். கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கும் டார்ச்சுக்கும் நடுவே ஒருவழி வால்வை மறக்கக்கூடாது.

நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று சிறிய மணி டார்ச் ஒன்றுக்குப் போதும். ஒன்றை இருவர் பகிர்ந்தால் இருவர் சுடரும் மஞ்சளாகும். குமிழைத் திருகி அளவைக் கூட்டுவதாலும் பயன் இல்லை: திறனுக்கு மேல் இழுத்தால் வரும் வாயுவில் ஆக்சிஜனின் தூய்மை குறையும். சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி, புகை போகாத மூலையில் வையுங்கள்.

பற்றவைக்கும் வரிசை: முதலில் எரிவாயு, பிறகு ஆக்சிஜன். அணைக்கும் வரிசை நேர் தலைகீழ்: முதலில் ஆக்சிஜன், பிறகு எரிவாயு. இதைப் பெரிய எழுத்தில் ஒவ்வொரு கூண்டின் உள்ளேயும் ஒட்டுங்கள். கடைசியாகக் கிளம்புபவர் ஒரு டார்ச்சை எரிவாயுச் சுடரில் மட்டும் எரியவிட்டு, வெளியே சிலிண்டரை மூட வேண்டும். குழாயில் மிச்சமிருப்பது எரிந்து தீர்ந்து சுடர் தானாக அணைந்ததும் டார்ச் வால்வை மூடலாம். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கட்டும். எல்லாரும் பார்ப்பார்கள் என்று விட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

கண்ணாடி இருப்பு

மன்றங்களில் மணி உடைவதற்கு முதல் காரணம் கலப்படக் குச்சி. கண்ணாடி வகைகள் வெப்பத்தில் விரியும் அளவு வேறு வேறு. மணி செய்வோர் பெரும்பாலும் பயன்படுத்தும் முரானோவின் எஃபெத்ரே வகையை 104 என்று சொல்கிறோம். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி ஒரு டிகிரி சூடேறினால் 10.4 மைக்ரோமீட்டர் நீளும் என்பதே அந்த எண்ணின் பொருள். புல்ஸ்ஐ 90. போரோசிலிக்கேட் 33. இவற்றை ஒரே மணியில் கலந்தால் ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும். சில சமயம் அன்றே, சில சமயம் மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்ட பிறகு.

பார்வைக்கு எல்லாக் குச்சியும் ஒன்றுதான். ஆகவே மன்றத்தில் ஒரே வகை. 104 என்றால் 104 மட்டும். வீட்டிலிருந்து 90, 96, 33 எதுவும் கொண்டுவரக்கூடாது. கொடையாகக் கிடைத்தாலும் வேண்டாம். இந்த விதியில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். தப்பித் தவறி வந்துவிட்ட அநாமதேயக் குச்சிகளுக்குச் சிவப்பு டப்பா ஒன்று வையுங்கள். அதில் விழுந்தது திரும்ப மேசைக்கு வராது.

சந்தேகமான குச்சி விலையுயர்ந்த நிறமாக இருந்தால், இழுத்துப் பார்க்கும் சோதனை உண்டு. தெரிந்த தெளிவான கண்ணாடியையும் இதையும் சம அளவு உருக்கிப் பக்கம் பக்கமாக ஒட்டி, கலக்காமல், மெல்லிய இழையாக 30 செ.மீ. இழுங்கள். ஆறியதும் இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். வில்லாக வளைந்தால் சிவப்பு டப்பா.

குச்சியின் இரு முனையிலும் அடையாளம் ஒட்டுவது வீண். ஒரு முனை சுடருக்குள் போகும். நிறத்துக்கு ஒரு குழாய்ப் பெட்டி, பெட்டியின் மேல் நிற எண். 8 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகள் தனி டப்பாவுக்கு.

கணக்குக்கு உதவும் எண்கள்: 6 மி.மீ. குச்சி சென்டிமீட்டருக்குச் சுமார் 0.7 கிராம். 33 செ.மீ. குச்சி 23 கிராம். ஒரு கிலோவில் ஏறக்குறைய 43 குச்சிகள். 12 மி.மீ. உருண்டை மணிக்கு 2 கிராமுக்குச் சற்று மேல், அதாவது 3 செ.மீ. குச்சி. அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் உறுப்பினர் தன் குச்சிகளைச் சமையலறைத் தராசில் வைத்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதினால் போதும். குச்சியை எண்ணிக் கணக்கு வைத்தால் பாதிக் குச்சிக்குப் பஞ்சாயத்து வரும்.

தங்கம் கலந்த இளஞ்சிவப்பு, வெள்ளி கலந்த வகைகள் எல்லாம் தனி விலை. அவற்றைப் பொது இருப்பில் சேர்க்காமல், வேண்டியவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும்.

மாண்ட்ரலும் களிம்பும்

துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 25 முதல் 30 செ.மீ. நீளம். விட்டம் 2.4 மி.மீ. ஒன்றையே மன்றத்தின் பொது அளவாக வையுங்கள். 1.6 மி.மீ. பெரிய மணியின் எடையில் வளையும், வளைந்த கம்பியில் மணி கோணும். ஓர் அமர்வுக்கு ஆளுக்கு 15 என்றால், நான்கு இருக்கைக்கு 60. சூளையில் மாட்டியிருப்பதையும் சேர்த்து 120 கம்பி இருந்தால் தட்டுப்பாடு வராது.

பிரிப்புக் களிம்பு களிமண்ணும் அலுமினாவும் கலந்தது. கெட்டிப் பாலாடை பதத்தில் இருக்க வேண்டும். பயன்படுத்தும் முன் அடியில் படிந்ததைக் குலுக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். குலுக்கினால் காற்றுக்குமிழி சேர்ந்து பூச்சில் ஊசித்துளை விழும், அந்தத் துளையில் கண்ணாடி நேரே எஃகைப் பிடித்துக்கொள்ளும். கம்பியை 6 செ.மீ. ஆழம் ஒரே முறை முக்கி, நேராக மேலே எடுத்து, மணல் நிறைத்த டப்பாவில் செங்குத்தாகக் குத்தி இரவு முழுக்க உலரவிடுங்கள். அடுத்த அமர்வுக்கானதை இந்த அமர்வின் கடைசிப் பத்து நிமிடத்தில் முக்கிவிடுவது நல்ல பழக்கம்.

மணி கம்பியை விட்டு வரவில்லை என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பெரும்பாலும் கம்பியைச் சரியாகக் கழுவாததுதான் காரணம்: பழைய களிம்பின் மேல் புதுக் களிம்பு உதிரும், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டவே ஒட்டாது. எஃகு நாரால் தண்ணீரில் தேய்த்து, உப்புத்தாளால் ஒரு முறை சொரசொரப்பாக்கினால் தீரும். பூச்சு மெலிதாக இருந்தாலும் வராது. வேலையின் நடுவே மணியை இடுக்கியால் முறுக்கிப் பூச்சு உடைந்திருந்தாலும் வராது. கழற்றும்போது மணியைத் திருகாதீர்கள். அரைமணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மணியைத் துணியால் பிடித்துக்கொண்டு, கம்பியைக் குறடால் பிடித்துத் திருப்புங்கள்.

துளைக்குள் மிஞ்சிய களிம்பை வைர ஊசியால் தண்ணீருக்கு அடியில் வைத்தே சுரண்ட வேண்டும். உலர்ந்து சுரண்டினால் எழும் நுண்தூசி நுரையீரலுக்குப் போகும். களிம்புத் தூளையும் எனாமல் தூளையும் கையாளும்போது துகள் தடுக்கும் மாஸ்க் கட்டாயம். தூளை விளக்குமாறால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

சூளை

மணியின் வெளிப்புறம் முதலில் ஆறும், உட்புறம் பின்னால். இந்த இழுபறி கண்ணாடிக்குள் விசையாகத் தங்கிவிடும். அதைத் தளர்த்தத்தான் அனீலிங். 104 கண்ணாடிக்குச் சூளை 510 முதல் 520 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். கடைசி மணி உள்ளே போன பின் ஒரு மணி நேரம் அதே வெப்பம், பிறகு மணிக்கு 60 டிகிரி வீதம் 370 வரை இறக்கம், அப்புறம் அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவிட வேண்டும். 25 மி.மீ.க்கு மேல் தடித்த மணி இருந்தால் நிறுத்தும் நேரத்தை இரட்டிப்பாக்கி, இறக்க வேகத்தைப் பாதியாக்குங்கள். ஒரே சூளையில் பலர் மணி இருப்பதால், உள்ளே இருப்பதில் எது தடிமனோ அதற்கேற்பத்தான் திட்டம்.

எப்போது உள்ளே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். சிவந்து ஒளிரும்போது வைத்தால் தரையின் தடமோ பக்கத்து மணியோ ஒட்டிக்கொள்ளும். வெகுநேரம் வெளியே வைத்திருந்தால் விரிசல். மணியைச் சுடருக்கு வெளியே சுழற்றிக்கொண்டே மேசைக்கு அடியில் நிழலில் பிடித்துப் பாருங்கள். சிவப்பு முழுக்க மறைந்த உடனே உள்ளே போகட்டும். கதவு திறந்திருப்பது மூன்று நொடி. எஃகுக் கம்பி சூடேற்றும் சுருளைத் தொட்டால் மின்சாரம் கைக்கு வரும். கதவு திறந்ததும் மின்சாரம் நிற்கும் ஸ்விட்ச் உள்ள சூளையாக வாங்குங்கள்.

வெர்மிகுலைட் மணலிலோ வெப்பக் கம்பளியிலோ புதைத்து வைப்பதை அனீலிங் என்று சொல்வோர் உண்டு. அது ஆறும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனால் சூளை நிரம்பிவிட்டால் 12 மி.மீ.க்குக் குறைந்த எளிய உருண்டைகளை அதில் ஆறவிட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் குளிர்ந்த சூளையில் அடுக்கி, மணிக்கு 250 டிகிரி வீதம் ஏற்றி அதே திட்டத்தில் ஓட்டலாம். வாரம் ஒரு முறை இப்படி ஓட்டினால் இரண்டு டார்ச் அதிகமாகவே சமாளிக்கலாம். நுணுக்கமான வடிவங்கள் இதற்கு ஒத்துவராது.

சூளையின் வெப்ப உணரி காட்டும் கணக்கு வருடங்களில் பிசகும். திரையில் 510 என்று காட்டிக்கொண்டே உள்ளே 480 இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். எல்.சி.டி. திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸை அதன் முன்னால் திரை இருளும்வரை திருப்புங்கள். நடுவில் ஒளி புகும் மணியைப் பிடியுங்கள். மணியும் இருளாகவே இருந்தால் விசை இல்லை. துளையைச் சுற்றியோ நிறம் சேருமிடத்திலோ பளிச்சென்று வெளிச்சம் தெரிந்தால் விசை இருக்கிறது. ஒளி புகா நிறங்களில் இது வேலை செய்யாது என்பதால், மாதம் ஒரு முறை தெளிவான கண்ணாடியில் ஐந்து மணி செய்து சூளையின் ஐந்து இடங்களில், அதாவது நான்கு மூலையிலும் நடுவிலும், வைத்துச் சோதியுங்கள்.

புதியவரின் முதல் நாள்

பருத்தி உடை, மூடிய செருப்பு, கட்டிய முடி. நைலான், பாலியெஸ்டர் அணிந்து வந்தவரை அன்று பார்க்க மட்டும் விடுங்கள். உருகிய துளி விழுந்தால் அந்தத் துணி தோலோடு ஒட்டும். டிடிமியம் மூக்குக்கண்ணாடி கட்டாயம்: சூடான கண்ணாடியிலிருந்து வரும் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சத்தை, 589 நானோமீட்டர் பக்கத்தில், அது வடிகட்டும், அப்போதுதான் மணியின் விளிம்பே தெரியும்.

ஒரு பழகியவருக்கு ஒரு புதியவர். முதல் அரைமணி பற்றவைப்பது, அணைப்பது மட்டும், ஐந்து முறை. டார்ச் முகத்தில் நீல நாக்குகள் சிறிதாக, கூராக, சத்தமின்றி நிற்பதுதான் நடுநிலைச் சுடர். நாக்கு நீண்டு மஞ்சள் தட்டினால் ஆக்சிஜன் போதவில்லை. டர்க்காய்ஸ் நிறம் சாம்பல் பூசிக்கொள்ளும், தெளிவான கண்ணாடியில் புகை படியும்.

பிறகு குச்சி. முனையைச் சுடரின் தொலைவான நுனியில் உள்ளே வெளியே ஆட்டிச் சூடேற்றி, ஒளிரத் தொடங்கிய பின்தான் நெருங்க வேண்டும். நேரே சுடருக்குள் நீட்டினால் முனை வெடித்து மடியில் விழும். முதல் மணிக்கு ஒளி புகும் நடுத்தர நீலம் கொடுங்கள். தந்த நிறமும் வெள்ளையும் சீக்கிரம் இளகி ஓடும், கற்பவர் கைக்கு அடங்காது. கம்பியின் களிம்பையும் மங்கலாகச் சிவக்கும்வரை சூடேற்றிய பின்பே கண்ணாடியைச் சுற்றச் சொல்லுங்கள். குளிர்ந்த களிம்பில் அது பிடிக்காது, சுழலும்.

முதல் நாளில் பார்க்க வேண்டியது மணியின் ஓரம் மட்டும். துளை விளிம்பு உள்வாங்கிக் குழிந்திருக்க வேண்டும். கூராக நீட்டிக்கொண்டிருந்தால் நூலை அறுக்கும், தானும் சில்லுப் பெயரும். கம்பியில் முதலில் போட்ட பட்டையின் அகலத்துக்குக் கண்ணாடி போதவில்லை என்பதே காரணம். பட்டையை அப்படியே விட்டு நடுவில் இன்னும் கண்ணாடி சேர்த்தால் ஓரங்கள் தாமாகச் சுருண்டு குழியும்.

சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டவே வேண்டாம். எங்கே, எப்படிச் சுட்டது என்று நோட்டில் எழுதுங்கள். குறடின் கைப்பிடியாலேயே மூன்று பேர் சுட்டிருந்தால் அதை மாற்ற வேண்டும் என்பது அந்த நோட்டில் தெரியும்.

பணமும் பொறுப்பும்

வாடகை, காப்பீடு, விசிறி மின்சாரம் போன்றவை யாரும் வராவிட்டாலும் ஆகும் செலவு. அதை மாதச் சந்தாவில் வாங்குங்கள். எரிவாயு, களிம்பு, சூளை மின்சாரம் வேலை செய்பவருக்கு ஏற்றவை; அதை டார்ச் மணிநேரத்தில் வாங்குங்கள். எரிவாயு எவ்வளவு ஆகிறது என்று ஊகிக்க வேண்டாம். சிலிண்டரை எடை போட்டு, 20 டார்ச் மணிநேரம் கழித்து மறுபடி போடுங்கள். உங்கள் டார்ச்சுக்கும் உங்கள் ஆட்களின் கைக்கும் உரிய எண் அதுதான். சூளைச் சுருளும் கான்சன்ட்ரேட்டரின் வடிகட்டிப் படுகையும் தேயும் பொருள்கள். மணிநேரக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள்.

பொறுப்பாளர் மூவர் போதும்: எரிவாயுவுக்கு ஒருவர், சூளைக்கு ஒருவர், கண்ணாடிக்கு ஒருவர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், ஆனால் மூவரையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மணி விற்கும் உறுப்பினர் இருந்தால், சூளையில் ஆறியதை மட்டுமே மன்றத்தின் பெயர் சொல்லி விற்கலாம் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

உடைந்த மணிகளைக் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் சேருங்கள். கூடவே தேதி, நிறங்கள், சூளையில் எங்கே இருந்தது என்று ஒரு சீட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியை மேசையில் கவிழ்த்து எல்லாரும் சுற்றி உட்காருங்கள். விரிசல் இரண்டு நிறத்தின் எல்லையைப் பிடித்தே ஓடினால் கலப்படக் குச்சி. அந்தத் தேதியில் மேசையில் இருந்த நிறப் பெட்டிகளைச் சோதிக்க வேண்டும். விரிசலின் விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால், வெடித்த பிறகும் மணி சூடேறியிருக்கிறது: ஆறிப்போனதைச் சுடருக்குள் அவசரமாகத் திரும்பக் கொண்டுபோனதால். விளிம்பு கூர்மையாக இருந்து, சீட்டுகள் எல்லாம் சூளையின் ஒரே மூலையைச் சொன்னால், அந்த மூலையில் வெப்பம் குறைவு. பெரிய மணிகளை அங்கே வைக்க வேண்டாம் என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த மாதச் சோதனையில் ஐந்து மணியில் இரண்டை அங்கேயே வையுங்கள்.